ஏழு மணிப் பொத்தான்

“நான் செத்த பிறகு நானே கையெழுத்துப் போடுவேன் மாப்ளே. நீதான் சாட்சிக்கு நிப்பே.”

அத்தான் இதை முப்பது வருஷத்தில் மூவாயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். இப்போது அவர் செத்து மூன்று மணி நேரமாகியிருந்தது. பதிவு அலுவலகத்தின் நான்காம் எண் ஜன்னலில் டாக்டர் சீட்டை நீட்டியபடி நின்றிருந்தார் அந்த மாப்ளே. அவர் ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். செத்தவர் அவருடைய அக்காவின் கணவர்.

பரிசோதகர் எதையும் நம்பமாட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடத் திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் ‘சரி’ என்பார். அவர் பெட்டியில் ஏறினால் ஜன்னலோரத்து ஈக்கள்கூட அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு.

ஜன்னலுக்குள் இருந்த பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“கோப்பு திறக்க மாட்டேங்குது சார். அவர் சம்மதம் வேணும்.”

“செத்ததே அவர்தாம்மா.”

“தெரியுது சார். உயிரோட இருக்கும்போதே சம்மதத்தை எழுதிப் பூட்டி வச்சிடுவாங்க. செத்ததும் அது தானா வரும். இவருது வரலை. காலைல ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கு ‘இருக்கேன்’னு சொல்லியிருக்கார்.”

“ஆறு மணிக்கே போயிட்டார்மா!”

“டாக்டர் போயிட்டார்ங்கறார். இவர் இருக்கேன்ங்கறார். ஒருத்தரைப் பத்தி அவரோட சொந்த வார்த்தைதான் இங்க செல்லும்.” குரலைத் தாழ்த்தினாள். “இந்த விதியை எழுதினதே உங்க அத்தான்தான் சார்.”

“அப்ப உடம்பு?”

“கோப்பை மூடினாத்தான் ஆஸ்பத்திரி குளிர் அறையிலேருந்து விடுவாங்க.”

அத்தான் நாற்பது வருஷம் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு கேள்வியோடு குடும்பம் நடத்தியவர். ஒருவன் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டாமல், தான் இன்னார் என்று எப்படி நிரூபிப்பது? பதினெட்டு வயதாகிவிட்டது என்று காட்டப் பிறந்த தேதியை எதற்குக் கொடுக்க வேண்டும் என்பார். அதற்காக அவர் எண்களால் பூட்டுகள் செய்தார். உலகத்துக் கணிப்பொறிகள் எல்லாம் கூடி உட்கார்ந்து உடைத்தாலும், பூட்டு திறப்பதற்குள் சூரியன் அணைந்துவிடுமாம்.

“வீட்டுச் சாவியை வாரம் ரெண்டு தடவை தொலைக்கிற ஆளு, சூரியனை அணைக்கிறாராம்” என்பார் பரிசோதகர்.

அவருடைய கடைசி வேலை தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. நடுவில் ஒற்றைப் பொத்தான். தினமும் காலை ஏழு மணிக்குக் கத்தும். பத்து நிமிடத்துக்குள் அழுத்தினால் ஆள் இருக்கிறார். அழுத்தாவிட்டால் பூட்டி வைத்த சம்மதம் தானாகப் புறப்பட்டுப் போகும்.

பரிசோதகர் வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கருவி அத்தானின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

“அக்கா, காலைல இதை யாரு அழுத்தினது?”

“கத்துச்சு. அழுத்தினேன்.”

“அவர் போனதுக்கப்புறமா?”

“தினமும் நான்தானேடா அழுத்தறேன்.”

உண்மைதான். முதலில் அது அத்தானின் விரல் ரேகைக்கு மட்டும்தான் அடங்கும். ஆறு மாதத்துக்கு முன் விரல்கள் நடுங்க ஆரம்பித்ததும் அவரே ரேகையை எடுத்துவிட்டார். “தெரிஞ்சே நான் விட்ட ஒரே ஓட்டை மாப்ளே. அந்த ஓட்டைல உங்க அக்கா காவல் இருக்கா” என்று அதற்கும் ஒரு பெருமை பேசினார்.

அக்கா கருவியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தினமும் அழுத்திட்டே இருந்தா என்னாகும்?”

“இருக்கார்னே காட்டும்.”

“எத்தனை நாளைக்கு?”

“நீ அழுத்தற வரைக்கும்.” பரிசோதகர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அவர் குளிர் அறையில கிடக்கார்க்கா.”

அக்கா எழுந்து போய் அடுப்பை மூட்டினாள். அடுப்பில் எதுவும் வைக்கவில்லை. சற்று நேரம் கழித்து அணைத்தாள்.

மறுநாள் ஏழு மணிக்குக் கருவி கத்தியது. இருவரும் மேஜையின் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“நேத்து இதைவிட மெதுவாத்தான் கத்துச்சு” என்றாள்.

“அதே சத்தம்தான்க்கா.”

மூன்று நிமிடம் போயிற்று. ஐந்து போயிற்று. அடுத்த வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். எட்டாவது நிமிடத்தில் ஒரு கை மேஜையைக் கடந்து பொத்தானை நோக்கிப் போனது. அது பரிசோதகரின் கை.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுடா. அவர் கணக்குப்படி நடக்கட்டும்.”

சத்தம் நின்றது. அக்கா ஈரத்துணி எடுத்து வந்து மேஜையைத் துடைத்தாள். கருவியைச் சுற்றித் துடைத்தாள், அதை நகர்த்தவில்லை.

ஒன்பது மணிக்கு நான்காம் எண் ஜன்னலில் அதே பெண் இருந்தாள். இவரைப் பார்த்ததுமே தலையாட்டினாள்.

“ஏழு பத்துக்கு வந்துடுச்சு சார். கோப்பு திறந்தாச்சு. ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு, நீங்க போய் வாங்கிக்கலாம். சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி.”

“யாரு சாட்சி?”

“அவரே எழுதியிருக்கார்.” தாளை ஜன்னல் வழியே தள்ளி, விரலால் தொட்டுக் காட்டினாள்.

மேலே, திறந்து மூடச் சம்மதம் என்ற வாசகம். அதன் கீழே அத்தானின் கையெழுத்து, நேற்றைக்கு முந்தைய நாளுக்கும் முந்தைய ஏதோ ஒரு நாளில் போட்டது, இன்று காலை ஏழு பத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் கீழே குறிப்பு என்ற கட்டத்தில் இரண்டே வரி:

‘சாட்சி: என் மச்சினன். நம்பமாட்டான், தாளின் இரண்டு பக்கத்தையும் காட்டவும்.’

பரிசோதகர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“என்ன சார், சரியா இருக்கா?”

“சரி” என்றார். பேனாவை வாங்கிக்கொண்டார். “அவர்தாம்மா போட்டிருக்கார்.”