கிருஷ்ணப்பர் வீட்டுக்கு மேல் நின்ற கோல்

1956ஆம் ஆண்டு டிசம்பர் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்குக் கெலமங்கலத்தில் கங்கப்பன் போட்ட "கோல்!" என்ற கூச்சல் கீழே இறங்கவில்லை. கிருஷ்ணப்பர் வீட்டு முற்றத்துக்கு நேர்மேலே, ஓட்டு முகட்டிலிருந்து எட்டு முழ உயரத்தில் அது நின்றுகொண்டது. அந்த வாரம் சந்தையில் ராகி என்ன விலைக்குப் போனது என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து உண்டு. இதில் கிடையாது.

கங்கப்பன் கிருஷ்ணப்பரின் நிலத்தில் கூலி வேலை செய்தவர். யுத்த காலத்தில் பெங்களூர் போய், பட்டாளத்து மைதானத்தில் ஏழு வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்டவர். கார்னர், பெனால்ட்டி, ஆஃப்சைடு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; பட்டாளத்தார் பேச்சைக் கேட்டுக் கேட்டு இங்கிலீஷும் புரியும். கெலமங்கலத்தில் கால்பந்து தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ரேடியோ இருந்த ஒரே வீடு கிருஷ்ணப்பருடையது. ஆனால் ரேடியோ இருந்தது நடுக்கூடத்தில். கங்கப்பனின் சாதி ஆட்களை மாட்டுக்கொட்டகையைத் தாண்டி அந்த வீட்டில் யாரும் விட்டதில்லை.

மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடுகிறது, ஒருமுறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று பேப்பரில் படித்ததும் கிருஷ்ணப்பருக்கு ஆவேசம் வந்துவிட்டது. முதல் ஆட்டத்துக்குப் பாயசம் வைத்து ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டார். எதிரணியான ஹங்கேரி வரவேயில்லை, இந்தியா ஆடாமலே ஜெயித்தது என்று பாயசம் தீர்ந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்து சனிக்கிழமை, ஆஸ்திரேலியாவோடு. வர்ணனை இங்கிலீஷில் வந்தது. ரேடியோவில் கூட்டம் இரைந்தபோதெல்லாம் நடுக்கூடத்தில் பதினாறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரண்டு தடவை கொட்டகைப் பக்கமிருந்து கங்கப்பனின் குரல் வந்தது: "அது அவுங்க போட்டது சாமி! கை தட்டாதீங்க!"

இந்தியா நாலுக்கு ரெண்டில் ஜெயித்தது. கிருஷ்ணப்பருக்குத்தான் மானம் போயிற்று. அரையிறுதிக்கு ஒன்று கங்கப்பன் உள்ளே வர வேண்டும், இல்லை ரேடியோ வெளியே போக வேண்டும். இரண்டு நாள் யோசித்து, ரேடியோவையும் அதன் கார் பாட்டரியையும் மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினார். செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளை வேட்டிக்காரர்கள் பதினாறு பேர் சாணிக்கும் தீவனக் காடிக்கும் நடுவே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். கங்கப்பன் நின்றபடி வர்ணனையைத் தமிழில் சொன்னார்; ஆந்திரப் பக்கத்து மைத்துனர் ஒருவருக்காக நடுநடுவே தெலுங்கிலும் சொன்னார்.

எதிரில் யுகோஸ்லாவியா. இடைவேளை வரை கோல் இல்லை. அதற்குப் பிறகு நம்மவர்கள் முதல் கோலைப் போட்டார்கள். அப்போதுதான் கங்கப்பன் கத்தினார். படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்றன. கொட்டகை ஓடு இரண்டு நகர்ந்தது. அந்த வழியாக மேலே போன சத்தம் வீட்டுப் பக்கம் மெல்ல நகர்ந்து, முற்றத்துக்கு மேலே வந்து நின்றது. கீழே யுகோஸ்லாவியா வரிசையாக நாலு கோல் போட்டது. கங்கப்பனின் குரல் மேலே இருந்ததால் அவரால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். நாலாவது விரல் மடங்கியதும் பெஞ்சில் இருந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். மேலே கூச்சல் மட்டும் குஷி குறையாமல் நின்றது.

"தோத்துட்டோம்னு அதுக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா" என்றார் ராஜப்பன் என்கிற பக்கத்து நிலத்துக்காரர்.

யார் சொல்லியும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா வெறுங்கையோடு திரும்பிய செய்தியைக் கிருஷ்ணப்பரே முற்றத்தில் நின்று பேப்பரைப் பார்த்து உரக்கப் படித்தார். கூச்சல் இறங்கவில்லை. அவருடைய பெரியப்பா செத்ததற்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் மேலே கேட்ட கொண்டாட்டத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போனார்கள். பாகலூரிலிருந்து மேளக்காரர்களை வரவழைத்து அதை விரட்டப் பார்த்தார் கிருஷ்ணப்பர். சாயங்காலத்துக்குள் மேளக்காரர்கள் அதன் தாளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். சூளகிரியிலிருந்து சனங்கள் பஸ் பிடித்து வந்து கேட்டுப் போனார்கள். சத்தம்கூடக் கிருஷ்ணப்பருக்குப் பெரிதில்லை. "என் வூட்டு உச்சியில அவன் குரலா?" என்பதுதான் அவரைத் தின்றது.

கங்கப்பன் ஊமையாகத் திரிந்தார். அவர் மனைவி கெம்பம்மாவுக்கு முதல் வாரம் அது நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் தாங்கவில்லை. "நான் திட்டுனா நீ திருப்பித் திட்டணுமில்ல? செவுத்துகிட்ட பேசறாப்ல இருக்குதே, தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு அழுதாள். கொட்டகையில் நின்று கையைக் காட்டிக் குரலை அழைத்துப் பார்த்தார் கங்கப்பன். வரவில்லை. பத்தொன்பதாம் நாள் கெம்பம்மா கிருஷ்ணப்பர் வீட்டு வாசலுக்கே போய் நின்றாள்.

"அம்மா, என் புருசன் குரலு உங்க முத்தத்து மேல இருக்குது. உள்ள வந்துதான் எடுத்துக்கணும்."

கிருஷ்ணப்பரின் மனைவி சரோஜம்மாளும் பத்தொன்பது நாளாகத் தூங்கவில்லை. கதவை அகலத் திறந்தார். "முன்வாசல் வழியாவே வரச் சொல்லு." கிருஷ்ணப்பர் வெகுநேரம் மறுப்புச் சொன்னார் என்கிறார்கள். மேலே இருந்த சத்தத்தில் அவர் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை.

கங்கப்பன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். தரை குளிர்ந்திருந்தது. முற்றத்தில் நின்று அண்ணாந்தார். தன் குரலை அவர் வெளியிலிருந்து கேட்டது அதுவே முதல் தடவை. முப்பது வருஷமாகத் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசிய தொண்டையிலிருந்து வந்ததுதான் அது. ஆனால் அதில் கூனல் ஒரு துளியும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து கேட்டார், கண் கலங்கியது. பிறகு ஏணி வைத்துக் கூரை முகட்டில் ஏறி வாயைத் திறந்தார். முதலில் இருமல் இறங்கி வந்தது. பிறகு கெம்பம்மாவின் பெயர், பிறகு வசவுகள், மாட்டை அதட்டும் சொற்கள் என எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. அவரால் முடியவில்லை என்பார்கள் சிலர். அவர் கூப்பிடவேயில்லை என்பார் ராஜப்பன்.

கீழே இறங்கி, சரோஜம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அது அங்கயே இருக்கட்டும்மா. அதுக்கு அந்த எடம் நல்லாருக்குது."

பிறகு வீட்டார் அதற்கு அடியிலேயே தூங்கப் பழகினார்கள். அந்த முற்றத்தில் பேசிப் பழகியதால் கிருஷ்ணப்பர் குடும்பத்தார் எங்கே போனாலும் உரக்கப் பேசுகிறவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். 1959இல் நிலம் அளக்க ஓசூரிலிருந்து சர்வேயர் வந்தார். வீட்டையும் கிணற்றையும் அளந்து எழுதியவர், மேலே பார்த்து, "இது யாரோடது?" என்றார். வரப்புக்கு ஒரு சாண் தகராறு என்றாலும் கோர்ட்டுக்குப் போகிற கிருஷ்ணப்பர் அண்ணாந்து பார்த்தார்.

"அது கங்கப்பனோடதுங்க" என்றார்.

சர்வேயர் தனி எண் போட்டு, கங்கப்பன் பெயரில் எழுதினார். எல்லை குறிக்க வேண்டிய இடத்தில், கீழே கிருஷ்ணப்பர் வீடு என்றும், மேலே எல்லை இல்லை என்றும் குறித்தார். கங்கப்பன் கைநாட்டு வைத்தார். ஆட்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு ராஜப்பன் நிலத்தை அளக்கப் போனார்கள்.