உச்சி வெயிலில் பாவு

என் வீட்டுக்காரர் சுப்பராயலுவுக்குப் பயம் என்பதே கிடையாது. அவருக்கும் சேர்த்து நான்தான் பயந்து செத்தேன். சோஷலிஸ்ட் கட்சிக்காரர், சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். நெசவாளர் சங்கத்துக்குச் சலுகை விலையில் வருகிற பட்டு நூலை, சங்கத் தலைவர் ராஜவேலு சந்தவாசலில் ஒரு விசைத்தறிக் கொட்டகைக்கு விற்கிறார் என்று எழுதினார். ஆடு வாங்குகிறவர் வேஷத்தில் அங்கேயே சுற்றி, மூட்டை இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதியது. ராஜவேலு மானநஷ்ட வழக்குப் போட்டார்.

எண்பத்திரண்டில் வேலூரிலிருந்து அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. நெசவாளர் ஒருவராவது வாய் திறந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் பத்திரிகைக்கு மூடுவிழா, இவருக்கு ஜெயில். சங்கத்து நெசவாளர்கள் இருக்கிற சேவூரில் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

"எங்கள வுட்டுடுங்கய்யா, இருக்கிற வேலையும் பூடும்" என்று தறி நெய்கிற கன்னியம்மாள் கதவைச் சாத்தினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்களுக்காகவா ஊரெல்லாம் பகைச்சிகினு திரியறீங்க?"

"அவங்களுக்கும் வயிறு இருக்குதில்ல, விடு" என்றார் மகானுபாவர்.

அதிகாரி வந்தார். அவர் ஜீப்பில் ராஜவேலுவே ஏறிக்கொண்டு, தன் வீட்டு விருந்துக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே சைக்கிளில் நாங்கள். சேவூர்த் தெருவுக்குள் நுழைந்ததும் ஜீப் நின்றது. தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளைத் தெரு நெடுகப் பாவாக நீட்டியிருந்தார்கள். வெயில் ஏறுமுன் முடிக்கிற வேலையை உச்சி வெயிலில் யாராவது தொடங்குவார்களா? ஜீப்பை மறிக்கத்தான் நீட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சுருட்டுங்கப்பா, ஜல்தி!" என்று ராஜவேலு கத்தினார்.

கன்னியம்மாள் இழையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நடுவுல சுருட்டினா அத்தனையும் சிக்காயிடாதா? நீங்களும் தறிக்காரர் வூட்டுப் புள்ளதானே தலைவரே, கொஞ்சம் பொறுங்க."

சும்மா நிற்பானேன் என்று அதிகாரி இறங்கி வந்து அவளிடம் கேட்டார். "இது சங்கத்துப் பட்டாம்மா?"

"அத நாங்க கண்ணால பாத்தே மாசக்கணக்காச்சு சார். எல்லாம் சந்தவாசலுக்குப் போயிகினு இருக்குது."

"ஏய்!" என்றார் ராஜவேலு.

அதிகாரி பேனாவை எடுத்தார். "உங்க பேரு?"

சொல்லிவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

"கன்னியம்மாள். எழுதிக்குங்க."

"நானும் சொல்றேன் சார், என் பேரு வேணுகோபால்" என்றார் பக்கத்தில் நின்றவர். என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நடுத்தெருவில் அழுதார்.

தெருக்கோடியில் பாவைப் பிடித்திருந்தவர் கையை விட முடியாமல் அங்கிருந்தே தொண்டை கிழியக் கத்தினார்: "சார்! குப்புராஜ்னு என் பேரையும் போட்டுக்குங்க!"