ஜெரால்டின் லோடர்

அன்றைக்கும் முக்கால்வாசியில் நின்றுவிட்டது. டிவித் திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் உறைந்துபோக, கீழே அதே எழவெடுத்த வரி வந்து உட்கார்ந்தது: ஏற்றுவதில் பிழை. சமீனா தலையணையை எடுத்துச் சுவரில் அடித்தாள். மெஷினை அடிக்க முடியாது பாருங்கள், அது அவளைவிட வயதில் மூத்தது.

எண்பதுகளில் டிவியில் மாட்டி ஓட்டிய வீட்டுக் கம்ப்யூட்டர் அது. அவளும் ஜெரால்டும் அதற்கு ஒரு கம்பைலர் செய்துகொண்டிருந்தார்கள். இன்றைய லேப்டாப்பில் எழுதுகிற புரோகிராமை அந்தக் கிழட்டு மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து திருத்தலாம். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. இப்போது அவள் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் மின்பராமரிப்பில் இருக்கிறாள். அவன் திருவள்ளூர் பக்கம் மணவாள நகரில் இருக்கிறான். சோறு போடாத வேலைக்கு ரெண்டு ஆளா என்று அவள் புருஷன் ஹனீப் கேலி செய்வான். செய்யட்டும். இதைப் பற்றிப் பேச அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் ஜெரால்ட்தான்.

கம்பைலர் முழுக்க அவள் எழுதியது. ஜெரால்ட் எழுதியது புரோகிராமை மெஷினில் ஏற்றிவிடும் லோடர் ஒன்றுதான். அந்த மெஷின் கேசட்டில் வரும் கீச்சொலியைக் கேட்டுத்தான் புரோகிராமை ஏற்றிக்கொள்ளும். இப்போது கேசட்டுக்குப் பதில் போன். ஹெட்போன் வயரை மெஷினில் சொருகிவிட்டு ஒலியை ஓடவிட வேண்டியது. அதை இரண்டு மடங்கு வேகத்தில் வாங்க வைத்ததுதான் ஜெரால்டின் சாமர்த்தியம். சின்ன புரோகிராமெல்லாம் ஜம்மென்று ஏறியது. கம்பைலர் வெளியீட்டுக்கென்று அவள் எழுதிய பெரிய விளையாட்டு மட்டும் ஒரு நாள் பாதியில் நின்றது, ஒரு நாள் கடைசியில் நின்றது. இந்தப் பழைய மெஷின்மேல் பித்துப்பிடித்த வெளிநாட்டுக்காரர்கள் வேறு எப்போது வெளியீடு எப்போது வெளியீடு என்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிவியை மாற்றிப் பார்த்தாள். வயரை மாற்றினாள். தன் கம்பைலரை வரிவரியாகச் சலித்தாள். ஜெரால்டைக் கேட்டால் தன்னிடமுள்ள அதே மாதிரி மெஷினில் ஏறுகிறது என்றான், வீடியோகூட அனுப்பினான். அதை முழுசாகப் பார்க்க இவளுக்கு ஏது பொறுமை? ஏதோ சின்னதை ஏற்றிக் காட்டுகிறான் என்று முடிவு கட்டினாள். கோபம் வந்தால் சமீனாவுக்குக் கண் மண் தெரியாது. இணையத்தில் எல்லாரும் பார்க்கிற திட்டப் பக்கத்தில், இந்த லோடரை நம்ப முடியாது, ஒழுங்காகச் சோதிக்காமல் எழுதியது, நீக்குகிறேன் என்று எழுதி, அவன் எழுதியதை மொத்தமாகத் தூக்கிவிட்டாள். முன்பின் தெரியாத நாலைந்து பேர் அதற்கு லைக் போட்டுக் கட்டைவிரல் காட்டினார்கள். ஜெரால்ட் பதிலே எழுதவில்லை.

பழைய மெதுவான லோடரைப் போட்டாள். அது முன்னைவிட அதிகமாக நின்றது. இப்போது திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா ஆறிக்கொண்டிருந்தது. ஹனீப் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான், இவள் காதில் விழவில்லை. அடுப்படியிலிருந்தே போனில் ஒரு மெசேஜ் தட்டினான்: வர்றியா, நானே துன்னுடவா? அந்த வரி அவள் போனில் விழுந்த அதே நொடியில் டிவியில் கோடுகள் உறைந்தன.

சமீனா போனைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். யா அல்லாஹ்! வயர் சொருகியிருந்தால் மெசேஜ் சத்தம் வெளியே கேட்காது, நேரே மெஷினுக்குப் போகும். புரோகிராமுக்கு நடுவே ஒரு டிங் வந்தால் அது பாவம் என்னத்தை ஏற்றும்? ஆலையில் எந்த மோட்டார் எப்போது நிற்குமோ என்று அவள் போனை அணைப்பதே இல்லை. ஷிஃப்ட் குரூப்பில் விடிந்தால் அடைந்தால் மெசேஜ்தான். சின்ன புரோகிராம் இரண்டு மெசேஜுக்கு நடுவே தப்பித்துவிடும். பெரியது மாட்டிக்கொள்ளும், மெதுவாக ஏற்றினால் இன்னும் அதிகமாக மாட்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஜெரால்டின் லோடரைத் திரும்ப எடுத்துவைத்து ஏற்றினாள். விளையாட்டு முழுசாக ஏறி, டிவியில் பாட்டோடு ஓடத் தொடங்கியது. எதற்காக இத்தனை நாள் உயிரை விட்டாளோ அது வந்தும் அவளுக்கு அழுகைதான் வந்தது. ஹனீப் எட்டிப் பார்த்து, "இன்னா, வேல செஞ்சிச்சின்னா அழுவுற?" என்றான்.

திட்டப் பக்கத்தில், தவறு முழுக்க என்னுடையது, லோடரில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினாள். அதற்கு ஒருவரும் கட்டைவிரல் காட்டவில்லை. பிறகு ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூரில் இறங்கி ஜெரால்ட் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர்கள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். அவன் மனைவி ஏஞ்சலின் டீ கொடுத்தாள். சமீனா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். டிங் கதையைக் கேட்டு ஜெரால்ட் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வெளியீட்டில் உன் பேரைத்தான் முதலில் போடப்போகிறேன், அடுத்த வேலையை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.

ஜெரால்ட் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் ஏறுதுன்னு சொன்னேன், நீ நம்பல. இன்னிக்கி போன் சொல்லிச்சி, நம்புற. நாளைக்கி வேற எதுனா நின்னுச்சின்னா மொதல்ல யார சந்தேகப்படுவ, சமீனா?"

உன்னைச் சந்தேகப்பட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். தன் குணம் தனக்குத் தெரியாதா?

"லோடர நீயே வச்சிக்கோ. எல்லாருக்கும் பொதுவா குடுத்ததுதான அது. நான் வரல."

ஏஞ்சலின் இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சமீனா எழுந்தாள். ஜெரால்ட் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, பார்த்துப் போ என்றான். அவன் கத்தியிருந்தால் திருப்பிக் கத்திவிட்டு, அப்புறம் எப்படியாவது சமாதானமாகியிருப்பாள். அவனுக்கு அவள்மேல் கோபமே இல்லை.