மாறிப்போன எடை

டயாலிசிஸ் மையத்தின் கணினி அன்று ஒரு பிழையுமின்றி இயங்கியது. அதுவே அக்காவை அச்சுறுத்தியது.

முந்தைய நாள் இதே திரை, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் எடையைக் கூட்டிக் காட்டியிருந்தது. எடை கூடினால் உடலில் நீர் தேங்கியுள்ளது என்று பொருள். அக்கணக்கை நம்பிய செவிலியர் தேவைக்கு மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட்டனர். இரத்த அழுத்தம் சரிந்து, நினைவிழந்து, அவர் இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார்.

கணினிகளைப் பூட்டித் தந்தவன் தம்பி. அவற்றில் ஓடும் மென்பொருளை எழுதியவள் அக்கா. கணினிக் கடை இருவருக்கும் பொது. அந்த மென்பொருள் வேறு பல மையங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. பழுது கருவியில் என்றால் இந்த அறையோடு முடிந்தது. மென்பொருளில் என்றால், நாளை இன்னொரு படுக்கையில் இன்னொருவர்.

“மெயின் கம்ப்யூட்டர்ல மெமரிதான்க்கா போயிருக்கு. காலையிலேயே கழட்டிட்டு வேற போட்டுட்டேன்,” என்றான் தம்பி.

“யாரைக் கேட்டுடா போட்ட?”

“ஏன், ஒரு மெமரி மாத்த ஊரைக் கூட்டணுமா?”

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது பழுதுபார்க்கும் தொழிலின் அரிச்சுவடி. அதை அவனிடம் சொல்லும் தகுதி அன்று அக்காவுக்கு இல்லை. விடியற்காலையில், ஐயத்திற்குரிய சில வரிகளைத் திருத்தி, இந்த மையத்தின் மென்பொருளை வீட்டிலிருந்தபடியே அவளும் மாற்றியிருந்தாள்.

“நானும் மாத்திட்டேன்டா.”

தம்பி அவளையே பார்த்தான். “ஒரே வயித்துல பொறந்தோம்னு நல்லாக் காட்டிட்டோம்.”

பழுது போயிற்று, அது யாருடையது என்ற சேதியும் கூடவே போயிற்று.

தலைமைச் செவிலி எட்டிப் பார்த்தார். “இப்ப ஒழுங்காத்தானே ஓடுது? ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

அவர் அகன்றதும் தம்பி குரலைத் தாழ்த்தினான். “மெமரின்னே சொல்லிடலாம்க்கா. என் தலையில போகட்டும். உன் பேரு கெட்டா கடையே போயிடும்.”

“உன் தலையில போட்டா மத்த மையத்துல படுத்திருக்கறவங்க தலை தப்புமாடா?”

நோயாளிகள் சென்றபின், செவிலியின் இசைவோடு சோதனை தொடங்கிற்று. புதிய மெமரி அப்படியே இருக்க, பழைய மென்பொருளை மட்டும் அக்கா மீண்டும் ஏற்றினாள். இருவரும் ஆளுக்கொரு கணினியின் முன் அமர்ந்து, இல்லாத நோயாளிகளின் எடைகளைப் பதிந்தனர். எல்லாம் சரியாகவே வந்தன. திரும்பத் திரும்பச் சரியாகவே வந்தன. அவள் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அது தம்பியைக் குற்றவாளியாக்கும் நிம்மதி என்று உணர்ந்ததும் கூசிப்போனாள்.

“ரெண்டு பேரும் ஒரே சமயத்துல தட்டுவோம்,” என்றாள்.

தட்டினர். தம்பி பதிந்த எடை, அக்காவின் நோயாளிக்கு நேரே வந்து நின்றது. பழுதான மெமரி காட்டும் சிதைந்த எண்ணன்று; தெளிவான, முழுமையான, வேறொருவரின் எடை.

“தற்செயலா இருக்கும்க்கா. இன்னொரு தடவை பார்ப்போம்.”

பார்த்தனர். மீண்டும் மாறியது. பின்பு பழைய மெமரியைப் பூட்டி, திருத்திய மென்பொருளை ஓட்டினர். எத்தனை முறை சேர்ந்து தட்டியும் எடை மாறவில்லை. தம்பி திருப்புளியைக் கீழே வைத்தான்.

அக்கா கைப்பேசியில் மற்றொரு மையத்தை அழைத்தாள். “சிஸ்டர், திரையில வர்ற எடையை நம்பாதீங்க. ஒவ்வொருத்தரையும் மறுபடி தராசுல நிறுத்திப் பாருங்க. ஆமா, தப்பு என்னோடதுதான்.”

அடுத்த மையத்தின் எண்ணை அவள் அழைக்கையில், தம்பி தன் கைப்பேசியில் வேறொரு மையத்தோடு பேசிக்கொண்டிருந்தான். “எங்களோட தப்பு சிஸ்டர்,” என்றான்.

‘என்னோடது’ என்று அவனைத் திருத்த அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவள் கைப்பேசியின் மறுமுனையில் ஒரு குரல், யார் பேசுவது என்று கேட்டது.