இரண்டு முகத்துக்கு ஒரு வெளிச்சம்

என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமராவுக்கு வெளிச்சத்தை அளக்கத் தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு லைட் மீட்டர் வைத்திருக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, மேலே பாதிப் பந்து போல ஒரு வெள்ளைக் குமிழ். முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் முள் நகர்ந்து ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை லென்ஸில் திருகி வைத்த பிறகுதான் படம். "போன்ல எடுத்திருந்தா இந்நேரம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம்" என்று நான் புலம்புவேன். மனுஷர் காதிலேயே வாங்கமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானே கெஞ்சி அந்தக் கேமராவை எடுத்துவரச் சொன்னேன். அப்பா தையல்காரர். அண்ணன் அடுத்த தெருவிலேயே ரெடிமேட் சட்டைக் கடை போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது. அவர்கள் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு படம் எனக்கு வேண்டும். நினைத்தாலே கண் கலங்கும் அளவுக்கு ஆசை. "மாப்பிள்ளை ஆசைப்படுறார்" என்று புளுகி இருவரையும் அப்பாவின் கடைக்கு வரவழைத்தேன்.

வந்தார்கள். அப்பா ஜன்னலோரம், துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் உள்மூலையில் அலமாரியை ஒட்டி நின்றான். நடுவில் ஒரு லாரி போகலாம்.

வீட்டுக்காரர் இரண்டு முகத்திலும் மீட்டரைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே படத்துல வராது மாமா. உங்க வெளிச்சத்துக்கு வச்சா மச்சான் கரி. அவருக்கு வச்சா நீங்க வெள்ளைத்தாள்."

"என் கண்ணுக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது?"

"கண்ணு சமாளிச்சுக்கும் மாமா. ஃபிலிம் சமாளிக்காது."

அடுத்தவர் எடுத்த அளவை அப்பா நம்பியதாகச் சரித்திரமே இல்லை. "கொடுங்க மாப்ளே, நான் பாக்கறேன்" என்று மீட்டரை வாங்கித் தன் தாடைக்குக் கீழே பிடித்தார். எட்டு. பிறகு விறுவிறுவென்று அண்ணனிடம் நடந்தார். சண்டைதான் என்று நினைத்தேன். கழுத்தளவு எடுப்பது போல அவன் தாடைக்குக் கீழேயும் பிடித்தார். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கிக் கொடுத்தான்.

"ரெண்டு" என்றார் அப்பா. இரண்டு வருஷத்தில் மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். மூலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ரொம்ப இருட்டுடா. அந்தப் பக்கம் வா" என்றார்.

அண்ணன் அலமாரியை விட்டு நகர்ந்து போனான். ஜன்னலோரம் தோளோடு தோளாக நின்றார்கள். அப்பா அவன் சட்டைக் காலரை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "தையல் பரவால்ல" என்றார். ரெடிமேட் சட்டையை! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வீட்டுக்காரர் எண்ணைத் திருகி, கேமராவில் கண்ணை வைத்தார். "அசையாதீங்க."

அப்போதுதான் கவனித்தேன். லென்ஸின் மூடி போட்டபடியே இருந்தது. இந்தக் கேமராவில் பார்ப்பதற்குத் தனி ஜன்னல் இருப்பதால், லென்ஸ் மூடியிருந்தாலும் பார்க்கிறவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். மீட்டர் ஞாபகத்தில் மூடியை மறந்துவிட்டார். சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் கை அண்ணன் முதுகுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கிளிக்.

கை தோளுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்து, "மூடியை எடுக்கலையே" என்றேன்.

அண்ணன்தான் முதலில் சிரித்தான். "அப்பா, இன்னொரு தடவை நிக்கணுமாம்."

"நிப்போம்" என்றார் அப்பா, கையை எடுக்காமலே.