வாசலில் இறக்கி வைத்த சிலிண்டர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சின்ன உணவகத்தில் கிடைத்தது. எலுமிச்சை சோடா கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கல்லாவில் இருந்த பெண் நிலவறைக் கதவைத் திறந்து, "கிடைச்சுதாடா?" என்று கீழே குரல் கொடுத்தாள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் பதில் வந்தது, சோடாவும் வந்தது, குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டு கூப்பாடுகளுக்கு நடுவில் நான் என்னவெல்லாமோ நினைத்தேனே, அது மட்டும் இன்னும் விடவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு —

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உள்ளது இதுதான். ஒரு அக்காவும் தம்பியும் நடத்துகிற உணவகம். குளிர்பானத்தைப் பெட்டி பெட்டியாக பாட்டிலில் வாங்கி அடுக்க இடம் போதவில்லை. அதனால் சோடா மெஷின் வாங்கினார்கள். பாகும், நுரை ஏற்றுகிற கேஸ் சிலிண்டரும் வந்தால் போதும், மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

சிலிண்டரை வரவழைக்க இரண்டு வழி. லாரிக்காரரே நிலவறையில் இறக்கி, மாட்டி, கசிவு பார்த்துக் கொடுப்பார். ஆனால் அவர் வரும் நேரம் மதியச் சாப்பாட்டு நெரிசல். அல்லது காலையிலேயே வாசலில் வைத்துவிட்டுப் போவார். அதற்கு மேல் உங்கள் பாடு.

"கூட்ட நேரத்துல அவர் சிலிண்டரை உருட்டிக்கிட்டு வந்தா, சாப்பிடுறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க," என்றாள் அக்கா. "வாசல்லயே வைக்கச் சொல்லிடலாம். நீ மாட்ட மாட்டியா?"

"ஒரு நட்டைத் திருகுறதுக்குத் தனியா ஆளா? நான் பாத்துக்கறேன்க்கா."

(இவனைச் சோம்பேறியாக எழுதியிருந்தால் பிழைத்திருப்பான். சுறுசுறுப்பாக எழுதித் தொலைத்தேன்.)

3

லாரிக்காரருக்கு ஒரு மீசையும், ஓயாமல் தொணதொணக்கிற வாயும் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். வாசல் வழி என்று அக்கா முடிவு செய்த பிறகு அவருக்கு உள்ளே என்ன வேலை? அந்தப் பக்கத்தையே அடித்து நீக்கிவிட்டேன்.

4

மதியம். எல்லா மேசையிலும் ஆள். மெஷினில் நுரையே இல்லாமல் வெறும் தண்ணீராக வருகிறது. புது சிலிண்டரை மாட்டத் தம்பி கீழே போயிருக்கிறான்.

"ஆச்சாடா?"

பதில் இல்லை.

"டேய், இங்க எல்லாரும் கத்துறாங்கடா!"

கீழே விளக்கு எரிகிறது. உஸ்ஸென்ற சத்தம் மட்டும் விடாமல் கேட்கிறது. கடைசிப் படிக்குப் பக்கத்தில் செருப்போடு ஒரு கால் தெரிகிறது. அசையவில்லை.

[இங்கே ஓர் அடிக்குறிப்பு போட்டே ஆக வேண்டும். சோடாவில் நுரைப்பது கரியமில வாயு. காற்றைவிடக் கனம். மூடிய நிலவறையில் கசிந்தால் தரையோடு நிறைந்து நிற்கும், இரண்டே மூச்சில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குகிறவரையும் சாய்க்கும். வெளியே நின்றபடி தீயணைப்புக்காரர்களைத்தான் கூப்பிட வேண்டும். இது லாரிக்காரருக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.]

அவசர அவசரமாக லாரிக்காரரைத் திரும்பக் கொண்டுவந்தேன். அதே நாள் காலை, வாசலில் நின்று, "ஒரு விஷயம்மா —" என்று ஆரம்பித்தார். "அப்புறம் சொல்லுங்கண்ணே, அடுப்புல பால் இருக்கு," என்று அக்கா உள்ளே போய்விட்டாள். மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

5

ஒரு முடிவு: தம்பி காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டே ஏறி வருகிறான். ஆசை ஆசையாக எழுதினேன். ஆனால் அந்தக் கால் அசைய மாட்டேன் என்கிறது.

இன்னொன்று: அக்கா மடமடவென்று இறங்கி, அவன் தோளைப் பிடித்து —

இதை எழுத மாட்டேன். எழுதினால் இரண்டு பேர்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவள் முதல் படியில் கால் வைத்துவிட்டாள். அவளை எழுதுகிற நான் கத்தினால் அது வேறொருவர் குரலாக அவள் காதில் விழாது; தன் மனசுதான் தேவையில்லாமல் பயப்படுகிறது என்று நினைத்துக்கொள்வாள். வாசிக்கிற நீங்கள் வெளியாள். சாப்பிட வந்தவர் போல எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுங்கள். "இறங்காதீங்க" என்று சொல்லுங்கள். தீயணைப்புக்கு யாரையாவது போன் போடச் சொல்லுங்கள்.

நிற்பாள். திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்:

"அதுவரைக்கும் என் தம்பியை அப்படியே விடச் சொல்றீங்களா?"

இதற்கு எனக்குப் பதில் எழுத வரவில்லை. உங்களுக்கு என்ன வருகிறதோ சொல்லுங்கள். அவள் திமிறுவாள், திட்டுவாள், உங்களைக் கடித்தாலும் கடிப்பாள். கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.