மடித்த மூலை

ஷெல்பி தன் வரிசைப் பார்லிக் கதிர்களைக் கிள்ளி முடித்து ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பார்லிப் பூ ஒன்றுக்கு மூன்று மகரந்தப் பைகள். பச்சையாக இருக்கும்போதே மூன்றையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்கு மெல்லிய காகித உறை மாட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்து வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, உறையின் மூலையை மடித்துவிட வேண்டும். மூலை மடித்திருந்தால் தூவியாயிற்று என்று பொருள். கனடாவின் அந்தச் சாஸ்கட்சுவன் மாகாணப் பயிர் ஆய்வு நிலையத்தில் அதை யாரும் எழுதிவைப்பதில்லை.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. கண்ணாடிக் கூடத்துக்குள் மார்ட்டாவுக்கு வியர்த்தது. இங்கே இது அவளுக்குப் பத்தொன்பதாவது குளிர்காலம், ஷெல்பிக்கு இரண்டாவது. போன வருடம் மார்ட்டா கிள்ளிய கதிர்களில் சராசரியாகப் பதினொரு தானிய மணிகள் பிடித்தன. ஷெல்பியின் கதிர்களில் பதினேழு. ஏப்ரலுக்குப் பிறகு ஓர் ஆளுக்குத்தான் வேலை என்று ஆய்வாளர் வெர்ன் சொல்லியிருந்தார்.

"மார்ட்டா, காபில சக்கரை போட்டுட்டேன். கோச்சுக்காதீங்க."

"உன் கை வேகத்துக்குச் சக்கரை தானாவே கரஞ்சிருக்குமே."

ஷெல்பி சிரித்தாள். "என் விரலெல்லாம் ஊசின்னு வெர்ன் சொல்றாரு."

"ஊசி குத்தும். பாத்துக்கோ."

அந்த வேகம்தான் மார்ட்டாவைத் தின்றது. அத்தனை வேகத்தில் கிள்ளினால் ஒரு பையாவது உள்ளே தங்காமலா போகும்? தங்கியது உறைக்குள் வெடித்தால் கதிர் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும். பார்க்க அழகாக இருக்கும், கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதினேழின் ரகசியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"வண்டி இன்ஜினுக்கு ஹீட்டர் ஒயரை மாட்டிட்டு வந்து மீதியத் தூவறேன். இல்லேன்னா இந்தக் குளிர்ல சாயங்காலம் ஸ்டார்ட் ஆகாது," என்று ஷெல்பி வெளியே ஓடினாள்.

மார்ட்டா ஷெல்பியின் வரிசைக்குப் போனாள். கடைசி உறையின் மூலையை மடித்தாள். எந்தத் தாய்ச்செடி என்று எழுதி அதில் கட்டியிருந்த சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. மடித்ததைப் பார்த்து ஷெல்பி தாண்டிப் போவாள்; தூவாத கதிரில் மணி பிடித்தால் போதும், அவள் குட்டு உடைந்துவிடும்.

திரும்பி வந்த ஷெல்பி மீதிக் கதிர்களை ஒவ்வொன்றாகத் தூவி, உறையை மடித்துக்கொண்டே வந்து, ஏற்கெனவே மடித்திருந்த கடைசி உறையைத் தாண்டிப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வெர்ன் சூரியகாந்தி விதை மென்றபடி வந்தார். உறைகளைக் கழற்றிக் கழற்றி எண்ணினார். பதினெட்டு. பதினாறு. பத்தொன்பது. மார்ட்டா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெர்ன் கடைசி உறையைக் கழற்றினார்.

கதிர் காலியாக இருந்தது.

மார்ட்டா உருப்பெருக்கியை எடுத்து ஒவ்வொரு பூவாகத் தேடினாள். ஒன்று, ஒரே ஒரு மணி கிடைத்தால் போதும். எதுவும் இல்லை. மொத்தக் கதிரிலும் ஷெல்பி ஒரு பையைக்கூட விட்டிருக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் தன் கையால் இவ்வளவு சுத்தமாக ஒரு கதிர் கிள்ளியதாக மார்ட்டாவுக்கு நினைவில்லை.

வெர்ன் சீட்டைப் படித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"ஷெல்பி, இந்தத் தாய்ச்செடில பொழச்சதே இந்த ஒரு கதிர்தான். தூவாமலே மடிச்சிட்டியா?"

"தூவினேன்... தூவியிருப்பேன் வெர்ன். மூலை மடிச்சிருக்கே."

"அதனாலதான் கேக்கறேன். இனி அடுத்த குளிர்காலம்தான்."

ஷெல்பியின் கழுத்து சிவந்தது. தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ நான்தான் மறந்திருப்பேன். ஸாரி."

வெர்ன் மார்ட்டா பக்கம் திரும்பினார். "வேகம் இருந்து என்ன? மடிச்ச மூலைய நம்ப முடியணும். ஏப்ரல் விஷயத்துல எனக்கு இனிக் கொழப்பமில்ல மார்ட்டா."

மார்ட்டா கேட்க விரும்பிய வார்த்தைகள்தான். உருப்பெருக்கி இன்னும் அவள் கையில் இருந்தது. அதன் அடியில் அந்தக் கதிர், பழுதில்லாமல், வெறுமையாக.

"அவ மறக்கல," என்றாள் மார்ட்டா. உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள்.

"அவ தூவறதுக்கு முன்னாடியே அந்த மூலைய மடிச்சது நான்தான், வெர்ன்."